த்ராஷ் மெட்டல், டார்க் ஆம்பியன்ட் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? புதிய வெளியீடு முதல் மறுவெளியீடு வரை ஒரு முழு வழிகாட்டி

ஒரே வாரத்தில் இரண்டு ஆல்பங்கள் விமர்சனத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று அரை மணி நேர த்ராஷ், அதாவது வேகமும் முரட்டு கிட்டாரும் கொண்ட மெட்டல். இன்னொன்று எழுபது நிமிடம் இடைவெளியே இல்லாமல் ஓடும் டார்க் ஆம்பியன்ட், அதாவது பெரும்பாலும் தாளமில்லாமல் நீண்ட ஒலிகளால் இருண்ட சூழலை எழுப்பும் இசை. இரண்டையும் ஒரே மாதிரி கேட்டு, ஒரே மாதிரி எழுதி, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால் ஏதோ ஒன்றுக்கு அநியாயம் நடப்பது உறுதி. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டார்க் ஆம்பியன்ட்தான். "இருண்ட சூழல், குளிர்ந்த ஒலி, நள்ளிரவில் கேட்க ஏற்றது" என்று எழுதிவிட்டால் போதும், அந்த வகையில் வந்த எந்த ஆல்பத்துக்கும் அது பொருந்தும். த்ராஷுக்கும் இப்படி ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: "அசுர வேகம், அனல் பறக்கும் ரிஃப், ஓல்டு ஸ்கூல் ரசிகர்களுக்கு விருந்து."

இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கலாம். கேட்பவர்களில் பலர் ஒரே ஆட்கள் என்பது ஒரு காரணம். இசைப்பவர்களும் எல்லை தாண்டிப் போனவர்கள்தான். நேபாம் டெத் குழுவில் அதிவேக டிரம்ஸுக்குப் பேர்போன மிக் ஹாரிஸ், பிறகு லல் என்ற பெயரில் தாளமே இல்லாத இசை செய்தார். டார்க்த்ரோன் என்ற பிளாக் மெட்டல் குழுவின் ஃபென்ரிஸ் 1994-இல் நெப்டியூன் டவர்ஸ் என்ற பெயரில் சிந்தசைசர் ஆல்பம் போட்டார். அதோடு, ஒன்றுக்கு எழுதிப் பழகும்போது கிடைக்கும் காது இன்னொன்றுக்குக் கட்டாயம் உதவும். டார்க் ஆம்பியன்ட் கேட்டுப் பழகியவருக்கு த்ராஷ் ஆல்பத்தில் டிரம்ஸ் எந்த அறையில் பதிவானது போல ஒலிக்கிறது என்பது சட்டென்று பிடிபடும்.

படி 1: கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

விமர்சனம் எழுதுபவர்கள் பலர் தாவிவிடும் படி இது. எனக்கு இதுதான் முக்கியமான படி. நாம் எழுதுவது ஒரு ஆல்பத்தின் பெயரைப் பற்றி அல்லவே, காதில் விழுந்த ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் பற்றித்தான். அதனால் கேட்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: முதல் வெளியீட்டு ஆண்டு, இப்போதைய வெளியீட்டு ஆண்டு, லேபிள், வடிவம் (சிடி, வினைல், கேசட், டிஜிட்டல்), மொத்த நேரம், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை) செய்தவர் பெயர், இது ரீமாஸ்டரா ரீமிக்ஸா (வித்தியாசம் படி 6-இல்) என்று அட்டையில் இருக்கும் வாசகம்.

வினைல் என்றால் தட்டின் நடுவே, லேபிள் தாளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எண்ணும் எழுத்தும் அந்தத் தட்டு எந்த மாஸ்டரிலிருந்து வெட்டப்பட்டது என்பதற்குத் துப்பு கொடுக்கும். சில நேரம் வெட்டிய இன்ஜினியரின் கையெழுத்துச் சுருக்கமும் இருக்கும். டிஸ்காக்ஸ் தளத்தில் இந்த எண்ணை வைத்துத் தேடினால் பதிப்பு எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மெட்டல் குழுக்களின் உறுப்பினர் வரலாறு, வெளியீட்டுப் பட்டியல் இவற்றுக்கு என்சைக்ளோபீடியா மெட்டாலம் என்ற இணையதளம் இருக்கிறது. ஆனால் அங்கே எது மெட்டல் என்பதில் கறார், டார்க் ஆம்பியன்ட் மட்டும் செய்பவர்களைத் தேடிப் பெரும்பாலும் பயனில்லை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஆல்பத்தின் பெயரைத் தேடினால் வருவது பெரும்பாலும் கடைசியாக வந்த ரீமாஸ்டர்தான். அதைக் கேட்டுவிட்டு "1986-இன் அந்த முரட்டு ஒலி" என்று எழுதினால், 1986-இல் யாரும் கேட்காத ஒலியைப் புகழ்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 2: கேட்கும் இடத்தைச் சரிசெய்தல்

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் உங்கள் கருவியின் எல்லை எது என்பது தெரிந்திருக்க வேண்டும். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. த்ராஷில் அது பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மின் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அடிவயிற்றையும் தின்றுவிடும். டார்க் ஆம்பியன்டில் பாதி ஆல்பமே காணாமல் போய்விடும். ஜெர்மனியின் தாமஸ் கோனர் காங் எனப்படும் பெரிய உலோகத் தட்டுகளின் ஒலியை வைத்து 1990-களின் தொடக்கத்தில் செய்த ஆல்பங்களைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டால், "ஒன்றுமே நடக்கவில்லை" என்று மனதாரச் சொல்லலாம். நடப்பதெல்லாம் கீழே நடக்கிறது. காதை மூடும் சாதாரண ஹெட்ஃபோன் ஒன்று போதும். முடிந்தால் ஸ்பீக்கரிலும் ஒரு முறை.

அப்புறம், பிளேயரில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாப் பாடலையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி வைத்திருக்கின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு). சாதாரணமாகக் கேட்க இது நல்லது. ஒரு ஆல்பத்துக்குள் மெதுவான பகுதியும் பலமான பகுதியும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும்போது அதை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

த்ராஷை அலறவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது பாதி உண்மை. சத்தம் கூடக் கூட நம் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் அதிகமாக உணரும், எல்லாமே பிரமாதமாகத் தெரியும். சுமாரான மிக்ஸ்கூட (வாத்தியங்களைக் கலந்த விதம்) தப்பித்துவிடும். ஒரு தடவை பலமாக, ஒரு தடவை பேச்சுக் குரல் அளவில் கேளுங்கள். மெதுவாகக் கேட்டபோதும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கு) தனியாகத் தெரிகிறதா? அதுதான் கேள்வி.

படி 3: முதல் தடவை பேனா வேண்டாம்

முதல் கேட்பில் குறிப்பு எடுக்க வேண்டாம், முழுசாகக் கேட்டால் போதும். த்ராஷை நடந்துகொண்டே கேட்டாலும் தப்பில்லை. டார்க் ஆம்பியன்டை மட்டும் வேறு வேலை செய்துகொண்டே முதலில் கேட்காதீர்கள், அது பின்னணிக்குப் போய்விட்டால் திரும்பி வராது. பாதியில் தூக்கம் வந்தால் வரட்டும், அது குறையும் இல்லை, பாராட்டும் இல்லை.

படி 4: த்ராஷில் எதைக் கேட்பது

முதலில் வலது கை. த்ராஷ் கிட்டாரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அழுத்திக்கொண்டு மீட்டும்போது வரும் அந்த "ஜுக் ஜுக்" எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது? எல்லா மீட்டலும் மேலிருந்து கீழாக அடிக்கப்படுகிறதா, மேலும் கீழுமாக மாறி மாறி வருகிறதா? கீழ்நோக்கி மட்டும் அடித்தால் ஒவ்வொரு அடியும் ஒரே எடையில் விழும், மாறி மாறி அடித்தால் வேகம் கூடும், எடை கொஞ்சம் குறையும். மெட்டாலிகாவின் 1986 ஆல்பத்தின் தலைப்புப் பாடல் நிமிடத்துக்கு 200-க்கு மேற்பட்ட அடிகளில் போகிறது. அந்த வேகத்தில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு கீழ்நோக்கியே அடிக்கிறார். அந்தப் பாட்டின் கனம் வருவது ஆம்ப்ளிஃபையரிலிருந்து மட்டும் இல்லை என்பது இதைக் கவனித்தால் புரியும்.

பெரும்பாலும் ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைப்பார்கள். இரண்டுக்கும் உள்ள நூலிழை வித்தியாசம்தான் கிட்டாரை அகலமாகக் காட்டுகிறது. ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் எடுத்துவிட்டுக் கேட்டால் ஒரு கை எப்படி வாசித்திருக்கிறது என்று தனியாகத் தெரியும்.

அடுத்து டிரம்ஸ். இன்றைய த்ராஷ் ஆல்பங்களில் நான் அதிகம் சலித்துக்கொள்ளும் இடம் இது. கிக் டிரம் ஒவ்வொரு அடியிலும் தட்டச்சு இயந்திரம் போல ஒரே "டிக்" என்று வருகிறதா? ஸ்நேரில் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) வேகமாக உருட்டும்போது எல்லா அடியும் அச்சில் வார்த்தது போல ஒரே தொனியில் இருக்கிறதா? அப்படியானால் அசல் அடிகளுக்குப் பதிலாக ஏற்கெனவே பதிவுசெய்த ஒலியை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதோடு ஒவ்வொரு அடியையும் கணினியில் கட்டத்துக்குள் நகர்த்திச் சீராக்கியிருந்தால், வேகம் இருக்கும், விரட்டல் இருக்காது. இதை "செயற்கையாக இருக்கிறது" என்று மொட்டையாக எழுதாமல், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். டார்க் ஏஞ்சலின் 1986 ஆல்பத்தில் ஜீன் ஹோக்லன் வாசித்திருப்பதை ஒரு முறை கேட்டுவிட்டு வந்தால், மனிதக் கை அந்த வேகத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு அளவுகோல் கிடைக்கும்.

பேஸ் கேட்கிறதா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு த்ராஷ் ஆல்பத்துக்கும் கேட்டே ஆக வேண்டும். மெட்டாலிகா 1988-இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த ஆல்பத்தைப் பற்றி இன்றுவரை ஓயாத சண்டை அதுதான். நடுத்தொனியை வெட்டி, அடியையும் உச்சியையும் ஏற்றிய கிட்டார் ஒலி, பேஸுக்கு உரிய இடத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

ரிஃப்கள் எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன என்பதை அடுத்துப் பாருங்கள். நல்ல த்ராஷ் பாட்டில் ஐந்தாறு ரிஃப் இருக்கலாம். அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வர வேண்டும், வரிசையில் நிறுத்தியது போல இருக்கக் கூடாது. வேகம் பாதியாகக் குறைந்து தலையாட்ட வைக்கும் அந்த நடுப்பகுதி எப்போது வருகிறது, வரும் முன் பாட்டு அதற்காக ஏதாவது சேர்த்துவைத்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வசதியான வழி: ஒவ்வொரு ரிஃப்புக்கும் ஒரு எழுத்து கொடுத்து, க, க, ச, க, ட என்று பாட்டின் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று பாட்டுக்கு வரைபடம் ஒரே மாதிரி வந்தால், ஆல்பம் ஏன் இருபதாவது நிமிடத்தில் அலுத்தது என்ற விடை கையில் கிடைத்துவிடும்.

நீளமும் ஒரு முடிவுதான். ஸ்லேயரின் 1986 ஆல்பத்தில் பத்துப் பாடல்கள், மொத்தம் 29 நிமிடத்துக்கும் குறைவு. தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியை எல்லாம் உரித்தெடுத்துவிட்டார், கேட்பவருக்கு மூச்சு விட நேரமில்லை. இன்று ஐம்பத்தைந்து நிமிடம் ஓடும் த்ராஷ் ஆல்பம் வந்தால், கடைசி மூன்று பாட்டு இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டுப்பாருங்கள். சில நேரம் ஒன்றும் குறையாது.

எந்த மரபிலிருந்து வருகிறது என்று சொல்லும்போது "பிக் ஃபோர் பாணி" (மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்ற நான்கு பெரிய த்ராஷ் குழுக்கள்) என்று முடித்துவிடாதீர்கள். மெட்டாலிகாவும் ஸ்லேயரும் ஒன்றுபோலவா இருக்கிறார்கள்? ஜெர்மனியின் கிரியேட்டர், சோடம், டிஸ்ட்ரக்ஷன் மூவரிடமும் உள்ள கரடுமுரடு வேறு. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் எக்ஸோடஸ், டெஸ்டமென்ட் பக்கம் இருக்கும் தாளக்கட்டு வேறு. பிரேசிலின் செபுல்டுரா 1989-இல் டெத் மெட்டலின் விளிம்பில் நின்று செய்தது இன்னொன்று. புதிய குழு எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் வாசகருக்குப் பாதி வேலை முடிந்தது.

படி 5: டார்க் ஆம்பியன்டில் எதைக் கேட்பது

இங்கே ரிஃப் இல்லை, தாளம் பெரும்பாலும் இல்லை, குரல் இருந்தாலும் சொல் புரியாது. அப்படியானால் எதைப் பற்றி எழுதுவது? அடுக்குகளைப் பற்றி எழுதலாம். தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிது அல்ல: அசையாமல் நிற்பதாகத் தோன்றும் ஒரு சுருதிக்குள் எத்தனை அசைவு இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் அடுக்கு, கீழே நிற்கும் தொடர்ஒலி. அது ஒரே இடத்தில் நிற்கிறதா, மெல்ல அலைகிறதா? இரண்டாவது, மேலே வந்து போகும் நிகழ்வுகள்: உலோக உரசல், தூரத்து இடி, காற்று, மூச்சு. மூன்றாவது, வெளி. எதிரொலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு விநாடி என்றால் ஒரு பெரிய கூடம். எட்டு, பத்து விநாடி என்றால் தேவாலயமோ நிலத்தடிக் குகையோ மனதில் விரியும். கவனிக்க வேண்டியது, எல்லா அடுக்கும் ஒரே வெளியில் இருக்கின்றனவா என்பது. கீழ்ஒலி குகையிலும் உரசல் ஒலி காதுக்குள்ளும் இருந்தால், அது வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா? டார்க் ஆம்பியன்ட் இசைக்கலைஞர் லஸ்ட்மோர்டு 1990-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கான ஒலிகள் நிலவறை, குகை, சுரங்கம் போன்ற இடங்களில் பதிவுசெய்யப்பட்டவை. அதன் பலமே எல்லா ஒலியும் ஒரே காற்றைச் சுவாசிப்பது போல இருப்பதுதான்.

இன்னொரு விஷயம். இப்போது ஒரு உண்மையான கட்டடத்தின் எதிரொலியை அளந்து எடுத்து, எந்த ஒலியின் மீதும் கணினியில் போர்த்திவிட முடியும். அதனால் "கைவிடப்பட்ட சுரங்கத்தில் பதிவானது" என்பதைக் காதால் மட்டும் உறுதிசெய்ய முடியாது. "பதிவு சுரங்கத்தில் நடந்ததாக அட்டைக் குறிப்பு சொல்கிறது" என்று எழுதுங்கள். அதுபோல, லேபிள் அனுப்பும் குறிப்பில் இருக்கும் கதைக்கு மதிப்பெண் போடாதீர்கள். அழிந்த நாகரிகம், விண்வெளிக் கல்லறை, பெயரில்லாத தெய்வம், எல்லாம் சரி. அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டால் ஒலியில் என்ன மிச்சம்?

நீளமான டிராக்குகளுக்கு ஒரு சோதனை. முழுதாகக் கேட்டு முடித்த பிறகு 5-ஆவது, 20-ஆவது, 40-ஆவது நிமிடங்களிலிருந்து இருபது விநாடி மட்டும் கேளுங்கள். மூன்றும் வேறு இடங்கள் போலத் தெரிந்தால், நாம் உணராமலே இசை நம்மை நகர்த்தியிருக்கிறது. மூன்றும் ஒன்றுபோல இருந்தால் முடிவு கட்ட அவசரப்பட வேண்டாம். அசையாமல் இருப்பதே நோக்கமாகவும் இருக்கலாம். ஆனால் நாற்பது விநாடித் துண்டு ஒன்று அப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட ஒரு உரசல், குறிப்பிட்ட ஒரு கிறீச், ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி வந்தால் துண்டை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு முறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் வேறு எதுவும் கேட்காது.

தேய்ந்துபோன பொருள்களையும் கண்டுகொள்ளப் பழகுங்கள். "ஆ" என்று தொலைவில் நிற்கும் துறவியர் கூட்டுக்குரல், ரேடியோ இரைச்சலில் முணுமுணுக்கும் ஆண் குரல், திருகுச் சாவி கொடுத்த பொம்மைப் பெட்டி இசை. இவை 1990-களிலேயே போதுமான அளவு வந்துவிட்டன. ரோஜர் கார்மானிக் 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் லேபிள் கோல்டு மீட் இண்டஸ்ட்ரியில் ரெய்சன் டெட்ர் போன்றோர் தேவாலயக் குரலையும் உலோக ஒலியையும் சேர்த்தபோது அதற்கு ஒரு துணிச்சல் இருந்தது. இன்று அதே கூட்டுக்குரல் எல்லோருக்கும் கிடைக்கும் ஒலித் தொகுப்பில் இருக்கிறது. பயன்படுத்தக் கூடாது என்று இல்லை. அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

குறிப்பு எடுப்பது இங்கே அவசியம், ஏனென்றால் நினைவு ஏமாற்றும். நேரத்தை இடது பக்கமும் நடந்ததை வலது பக்கமும் எழுதுங்கள். "6:10 – கீழ்ஒலிக்குள் இன்னொரு சுருதி, அரைச்சுரம் மேலே, உரசல். 9:00 – கீழ்ஒலி நின்றது." இப்படி ஒரு பக்கம் போதும். உணர்ச்சிச் சொற்களை இந்தத் தாளில் எழுத வேண்டாம்.

படி 6: மறுவெளியீடு என்றால் வேலை இரட்டிப்பு

பழைய ஆல்பம் மகத்தானது என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே மறுபடி நான்கு பத்தி எழுதுவதில் யாருக்கும் லாபம் இல்லை. மறுவெளியீட்டு விமர்சனம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன மாற்றினார்கள், மாற்றம் தேவைப்பட்டதா?

மாற்றங்களில் மூன்று வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் விமர்சனமே கவிழ்ந்துவிடும்.

ரீமாஸ்டர் என்பது முடிந்த ஸ்டீரியோ கலவையின் மேல் செய்யும் வேலை. மொத்தச் சத்தம், தொனிச் சமநிலை இவற்றை மாற்றலாம். ஒரு வாத்தியத்தைத் தனியாக உயர்த்துவது மிகக் கடினம். மேலே சொன்ன 1988 மெட்டாலிகா ஆல்பம் 2018-இல் ரீமாஸ்டராக வந்தபோதும் பேஸ் திரும்பி வரவில்லை. வராததைக் குறையாகச் சொல்வதற்கு முன், அது ரீமிக்ஸ் இல்லை என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

ரீமிக்ஸ் என்றால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான பலதட அசல் நாடாவுக்கே திரும்பிப் போய், ஒவ்வொரு வாத்தியத்தையும் மறுபடி கலப்பது. மெகாடெத்தின் 1990 ஆல்பத்தை 2004-இல் டேவ் முஸ்டெய்ன் இப்படிச் செய்தார். சில இடங்களில் குரலையும் புதிதாகப் பாடிச் சேர்த்தார். டிரம்ஸ் ஒலி மாறியது, பல வருடம் கேட்டுப் பழகிய உச்சரிப்பு மாறியது. இன்றும் பழைய சிடியைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். என் கட்சியும் அதுதான்: ரீமிக்ஸ் வரட்டும், பழையது கூடவே கிடைக்கட்டும்.

மூன்றாவது, மறுபதிவு. எக்ஸோடஸ் தங்கள் 1985 முதல் ஆல்பத்தை 2008-இல் வேறு பாடகரோடு முழுதாக மறுபடி வாசித்து வெளியிட்டது. அது மறுவெளியீடே இல்லை, புதிய ஆல்பம் என்று எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். இடையில் ஒரு விபரீத வகையும் உண்டு. ஓசி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் (த்ராஷ் இல்லைதான், ஆனாலும் பாடம் ஒன்றே) 2002-இல் மறுபடி வந்தபோது பேஸும் டிரம்ஸும் வேறு ஆட்களால் வாசிக்கப்பட்டு மாற்றப்பட்டிருந்தன. 2011 பதிப்பில்தான் அசல் திரும்பியது. அட்டையைப் படிக்காமல் காதையும் நம்பாமல் எழுதியவர்கள் அன்று மாட்டியிருப்பார்கள்.

சரி, ஒப்பிடுவது எப்படி? இரண்டு பதிப்பிலிருந்தும் ஒரே பகுதியை, ஒரு நிமிடம் அளவுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டு இரண்டின் சராசரிச் சத்தத்தைச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் பலமாக இருப்பதே ஜெயிக்கும். ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் கூடுதல் சத்தத்தை நம் காது "தெளிவு" என்றும் "உயிர்ப்பு" என்றும் எடுத்துக்கொள்ளும். சமமாக்கிய பிறகு ஸ்நேர் அடியைக் கேளுங்கள். பழையதில் பளாரென்று வெளியே வந்தது புதியதில் கிட்டாரோடு சேர்ந்து சப்பையாகிவிட்டதா? அலைவடிவம் மேலும் கீழும் கத்தரித்த வேலி போலத் தட்டையாக இருக்கிறதா? ஆல்பங்களைப் போட்டிபோட்டுப் பலமாக்கும் வழக்கத்தைச் சத்தப் போர் என்பார்கள், மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் அதற்கு நிரந்தர உதாரணம். அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ வீடியோ கேமில் இவ்வளவு நசுக்கப்படாமல் வந்ததால்தான் ரசிகர்களால் வித்தியாசத்தைக் கையோடு காட்ட முடிந்தது.

டைனமிக் ரேஞ்ச் எண்ணை (மெதுவான, பலமான ஒலிகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு) இணையத்தில் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறிப்பாக, வினைலிலிருந்து கணினிக்கு மாற்றிய கோப்பு அதே மாஸ்டரிலிருந்து வந்திருந்தாலும் கூடுதல் எண் காட்டும். எண் துணைக்கு இருக்கட்டும்.

டார்க் ஆம்பியன்ட் மறுவெளியீட்டில் பிரச்சினை வேறு. இந்த வகையின் பழைய ஆல்பங்கள் பல கேசட்டில் குறைந்த பிரதிகளில் வந்தவை. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மென்பொருளை அழுத்தமாகப் போட்டால், எதிரொலியின் வாலும் சேர்ந்து போய்விடும். ஒலி அடங்கும் இடத்தில் தண்ணீருக்குள் குமிழ் விடுவது போல ஒரு சலசலப்பு கேட்டால் அதுதான் அடையாளம். கொஞ்சம் நாடா இரைச்சல் இருந்தால்கூடப் பரவாயில்லை, வால் இருக்க வேண்டும். டிராக் நேரங்களையும் பழைய பதிப்போடு ஒப்பிடுங்கள். எல்லா டிராக்கும் ஒரே விகிதத்தில் நீண்டோ சுருங்கியோ இருந்தால் நாடா ஓடிய வேகம் மாறியிருக்கலாம். சுருதியும் கூடவே மாறியிருக்கும்.

வினைலுக்கு வரும்போது நீளம் கழுத்தைப் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடம் வரை வசதி. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தமும் அடித்தொனியும் குறையும். மெட்டாலிகாவின் 1986 ஆல்பம் ஏறக்குறைய 55 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்தது. ஸ்லேயருக்கு அந்தக் கவலையே இல்லை. எழுபது நிமிட டார்க் ஆம்பியன்ட் டிராக்கை வினைலில் போட்டால் குறைந்தது மூன்று முறையாவது எழுந்து போய்த் தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். எந்த இடத்தில் வெட்டினார்கள், மங்கவிட்டு வெட்டினார்களா என்று எழுதுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு அட்டையின் பளபளப்பைவிட இது உதவும்.

கூடுதல் பாடல்கள் பற்றி இரண்டு வரி போதும். டெமோ ஆல்பத்தைப் பற்றி ஏதாவது புதிதாகச் சொல்கிறதா, இல்லை இடத்தை நிரப்பவா? ஆல்பத்தின் முடிவில் இருந்த அமைதியைக் கெடுத்துக்கொண்டு உடனே ஒரு மேடைப் பதிவு தொடங்கினால் அதைக் குறிப்பிடுங்கள். தனித் தட்டில் வைத்திருந்தால் நன்றி சொல்லுங்கள்.

படி 7: எழுத உட்காரும்போது

குழுவின் வரலாற்றில் தொடங்காதீர்கள். யார், எந்த ஊர், எப்போது தொடங்கினார்கள் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். ஆல்பத்தின் ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு உதாரணம். பலர் இப்படி எழுதுவார்கள்:

"ஆல்பம் முழுவதும் ஒரு இருண்ட பயணம். மூன்றாவது டிராக் நம்மை வேறு உலகத்துக்கு அழைத்துச் செல்கிறது."

மேலே காட்டிய குறிப்புத் தாளை வைத்து இதையே இப்படி எழுதலாம்:

"மூன்றாவது டிராக்கில் ஆறு நிமிடம் கீழே ஒரே சுருதி நிற்கிறது. பிறகு அதை ஒட்டி, அரைச்சுரம் மேலே இன்னொன்று சேர்கிறது. இரண்டும் உரசும்போது மெதுவான துடிப்பு ஒன்று உண்டாகிறது. ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டும் சட்டென்று நிற்கின்றன. அதுவரை எவ்வளவு சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது."

இதில் "இருண்ட" என்ற சொல்லே இல்லை, தேவையும் படவில்லை. த்ராஷுக்கும் இதே வழிதான். "அனல் பறக்கிறது" என்று எழுதத் தோன்றும் இடத்தில், எது பறக்கிறது, டிரம்ஸா கிட்டாரா குரலா என்று உங்களையே கேளுங்கள்.

ஒப்பீடு ஒரு விமர்சனத்துக்கு இரண்டு, மூன்று போதும். வாசகர் கேட்டிருக்க வாய்ப்புள்ள ஒன்று, கேட்டிருக்காத ஒன்று என்று கலந்து வையுங்கள். வரிகளைப் பற்றி எழுத வேண்டுமானால் அச்சிட்ட வரிகளைப் படித்துவிட்டு எழுதுங்கள், கத்தலிலிருந்து ஊகிக்க வேண்டாம். மதிப்பெண் போடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் போடுவதில்லை. போட்டால் இரண்டு வகைக்கும் தனித்தனி அளவுகோல் என்பதைச் சொல்லிவிடுங்கள். மறுவெளியீட்டுக்கு இசைக்கு ஒன்று, இந்தப் பதிப்புக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண் போடுவதே நியாயம்.

சங்கடமான ஒன்றையும் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டு வட்டாரத்திலும் அதிர்ச்சிக்காகப் போர், இனவெறிச் சின்னங்களைப் பயன்படுத்துவது புதிதல்ல. ஸ்லேயரின் 1986 ஆல்பத்தைக் கொலம்பியா நிறுவனம் விநியோகிக்க மறுத்தது, அப்புறம் கெஃபன் வழியாக வெளிவந்தது. சில இடங்களில் அது வெறும் அதிர்ச்சி. சில இடங்களில் உண்மையான அரசியல். அட்டையிலோ பெயரிலோ அப்படி ஏதாவது இருந்தால், இசைக்கலைஞர் வெளிப்படையாகச் சொன்னதைத் தேடிப் படித்துவிட்டு, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காதது போல நடந்துகொள்வதும் ஒரு நிலைப்பாடுதான் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

படி 8: வெளியிடும் முன்

லேபிள் இலவசமாக அனுப்பிய பிரதி என்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே அனுப்பும் கோப்புகள் பல நேரம் சுருக்கப்பட்ட எம்பி3-ஆக இருக்கும், உச்சத்தொனி 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கும். அதை வைத்து சிம்பல் ஒலி மங்கல் என்று எழுதினால் பழி கோப்புக்குப் போக வேண்டியது ஆல்பத்துக்குப் போகும். ஒலித்தரம் பற்றிய பத்தியை முழுத்தரக் கோப்போ தட்டோ கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். வெளியீட்டுத் தேதிக்கு முன் விமர்சனம் வரக் கூடாது என்று கேட்டிருந்தால் மதியுங்கள்.

பெயர்களை ஒரு முறை சரிபாருங்கள். டிரம்மர் பெயரும் மாஸ்டரிங் செய்தவர் பெயரும்தான் அதிகம் தப்பாக வரும். டிராக் எண்களை இன்னொரு முறை பாருங்கள். வினைலில் மூன்றாவதாக இருப்பது டிஜிட்டலில் நான்காவதாக இருக்கலாம். நேரக் குறிப்பு கொடுத்திருந்தால் அது எந்தப் பதிப்பின் நேரம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு முறை, எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் போடுங்கள். த்ராஷ் என்றால் அரை மணி நேரம், அவ்வளவுதான். டார்க் ஆம்பியன்ட் என்றால் நேரம் குறித்த இடங்களை மட்டுமாவது. நீங்கள் எழுதியது அந்த நிமிடத்தில் காதில் கேட்கவில்லை என்றால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அனுப்புங்கள்.